மணப்பாடு ரோட்டுல என் சக்களத்தி

உப்புக்காத்து மூஞ்சில அடிச்சா ஒரு பிசுபிசுப்பு வருமுங்க... ஒதட்ட நக்கிப் பாத்தா கரிக்கும். கூடவே சூடான என்ஜின் வாசம். கல்யாணமான புதுசுல திருச்செந்தூர்ல இருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாவே நானும் எங்கூட்டுக்காரரும் பைக்ல போனோம். அதை நெனச்சாலே மொதல்ல இது ரெண்டுந்தான் வருது.

அப்ப ரெண்டு பேருமே பல்லடம் பக்கம் அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனில வேலைக்கு இருந்தோம். அவரு கட்டிங், நா செக்கிங். முருகனுக்கு வேண்டுதல்னு சொன்னதாலதான் ஊட்டுல விட்டாங்க. இல்லீனா புதுப்பொண்ண பைக்ல அத்தன தூரம் யாரு அனுப்புவாங்க?

எனக்குத் தலகால் புரியல. மல்லிப்பூ என்ன, புதுச் சுடிதார் என்ன... ஊடு திரும்பற வரைக்கும் மாமா எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்.

எங்க நடந்துச்சு? சக்களத்தி ஒருத்தி கூடவே வந்தா. அந்த பைக்குதானுங்க!

நம்மூருல எந்த வண்டியா இருந்தாலும் தொடைக்கறது பனியன் வேஸ்ட்டுலதான, தெரியுமில்ல? கட்டிங்ல வெட்டி மிஞ்சற துண்டுத்துணி. அவரு ஒரு மூட்டையே கட்டி எடுத்துட்டு வந்திருந்தாரு. என் துணியெல்லாம் அந்த மூட்டைக்கு அடில நசுங்கிக் கெடந்துச்சு.

குலசேகரப்பட்டினம் தாண்டுனா எடப்பக்கம் கடலு... பனைமரத்துக்கு நடுவால தெரியும், மறையும், திரும்பத் தெரியும். அடிக்கடி வண்டிய நிறுத்துவாரு. கடலக் காட்டத்தான் நிறுத்தறாருன்னு ஆசையா எறங்குவேன். அவரு துணிய எடுத்து டேங்க்கத் தொடைக்க ஆரம்பிச்சுருவாரு.

"உப்புக்காத்து அம்மிணி, துரு புடிச்சுப் போகும்."

"ஏனுங்க, எம் மூஞ்சியுந்தான் பிசுபிசுன்னு இருக்குது."

"அதுக்கென்ன, கழுவிக்கலாமல்லோ?"

வயிறு எரிஞ்சுதுங்க. இரும்பு மேல போயி ஒரு பொம்பளைக்குப் பொறாமை வருமான்னு கேட்டா... வரும். நல்லாவே வரும்.

மணப்பாடு போற வழில ரோட்டு மேல மணல் ஏறிக் கெடந்துச்சு. வண்டி சறுக்கி ரெண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு ஒண்ணுமில்ல, எனக்கு மொழங்கால்ல ரத்தம். ஆனா நா எந்திரிக்கவே இல்ல. முடியாம இல்லீங்க... மொதல்ல யாரைத் தூக்கறாருன்னு பாக்கோணுமே!

வண்டியத் தூக்குனாரு.

தூக்கி, ஸ்டாண்டு போட்டு, கண்ணாடி ஒடஞ்சிருக்குதான்னு தடவி வேற பாத்தாரு.

மீன் கூடையோட வந்த ஒரு அக்கா அப்படியே நின்னுருச்சு. "ஏய்யா, பொண்டாட்டி மண்ணுல கெடக்கா, நீ வண்டியத் தடவிக்கிட்டு நிக்க? நல்லாருக்கு ஒன் நியாயம்!"

அப்பத்தான் மனுசனுக்கு ஒறச்சுது. ஓடி வந்து வேஸ்ட் மூட்டையப் பிரிச்சுக் கொட்டி, செகப்பு, நீலமெல்லாம் தள்ளித் தள்ளி எதையோ தேடறாரு.

"இன்னும் என்னத்தத் தேடறீங்க?"ன்னு அழுதுட்டே கேட்டேன்.

"வெள்ளத் துணி அம்மிணி. கலர்னா புண்ணுல சாயம் எறங்கிரும்."

ஒரு வெள்ளத்துண்டு கெடச்சுது. அதை மொழங்கால்ல சுத்திக் கட்டுனாரு. "வலிக்குதா? புதுத்துணிதான், கோம்ப்டு காட்டன், ஒசத்தி ரகம்..."

நா சும்மா இருந்தனா? கண்ணுல தண்ணி ஊத்துது, ரெண்டு வெரல்ல அந்தத் துணிய நசுக்கிப் பாத்துட்டு, "பொய் சொல்லாதீங்க, இது சாதா ரகம்"ன்னேன்!

அந்த அக்கா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. "சரியான சோடிதாம்"னு சொல்லிட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிருச்சு. சிரிச்சுட்டேன்தான். ஆனா வண்டிய மொதல்ல தூக்குன கோவம் கன்னியாகுமரி வரைக்கும் அடங்கல.

இப்ப எங்களுக்கே சின்னதா ஒரு பனியன் யூனிட் இருக்குது. கார் வந்துருச்சு. பைக்க வித்தன்னைக்கு, சனியன் தொலஞ்சுதுடா சாமின்னு சந்தோசப்பட்டது நா ஒருத்திதான்.

போன வாரம் வெள்ளகோவில்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருக்கறேன், மனுசன் ரோட்டையே பாத்து ஓட்டறாரு. பல்லடம் சிக்னல்ல நின்னதும் திடீர்னு கண்ணாடிய எறக்கறாரு. "அம்மிணி... நம்ம வண்டி!"

அத்தன பஸ் ஹாரனுக்கு நடுவுல, சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிருக்கறாருங்க!

ஒரு பையன் ஓட்டிட்டு வந்தான். பின்னாடி ஒரு புள்ள, கழுத்துல புது மஞ்சக்கயிறு. அவ என்னமோ சொல்றா, அவன் காதுலயே வாங்காம டேங்க் மேல தூசி தட்டறான். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு.

பச்ச விழுந்துது. அவன் ஒரு முறுக்கு முறுக்குனான். கோவத்தையெல்லாம் மறந்துட்டு, அவ சடார்னு அவன் இடுப்பக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

எங்க கார்லயும் அவரு எனக்குக் கையெட்டற தூரந்தானுங்க. ஆனா இதுல எவ்வளவு வேகமாப் போனாலும் யாரும் யாரையும் புடிச்சுக்க வேண்டியதில்ல.

அந்த வண்டி மேல இப்ப ஒரு கோவமும் இல்லீங்க. அந்தப் புள்ளயப் பாத்துத்தான்... வயிறு எரியுது.