அண்ணையைக் கேட்டுப் பூட்டிய பிளைவீல்

என் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் இன்னும் சட்டென்று எகிற வேண்டுமென்று, எஞ்சினோடு சுழலும் பிளைவீல் சக்கரத்தில் பாரம் குறைந்த ஒன்றை வரவழைத்து, அரியாலையில் ஒரு கராஜில் பூட்டக் கொடுத்திருந்தேன்.

இன்று எடுக்கப் போனேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதே பழைய சோம்பல்.

"தம்பி, புதுசைப் பூட்டினனீங்களோ?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இல்லையக்கா. அதைப் பூட்டினா சந்தியிலை எஞ்சின் நிண்டு நிண்டு போகும். உங்களுக்குக் கஷ்டமெண்டு பழசையே திருப்பிப் பூட்டிட்டன்."

புதியது காரின் பின் சீற்றில், பேப்பரில் சுற்றியபடி கிடந்தது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே?"

"அண்ணையிட்டைக் கேட்டனான். அவர் ஓமெண்டவர்."

அண்ணை என்பது என் கணவர். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் புதியதைப் பூட்டச் சொல்லிவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

"அப்ப நாளைக்கு என்னை வேலைக்கு ஆர் கொண்டுபோய் விடுறது?" என்கிறார் அண்ணை.

என்ன பதில் சொல்லலாம்? மரியாதையானதாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.