படகு இழுக்க ஒரு வண்டி

எங்கள் வீட்டுக்குப் படகு வந்துவிட்டது, அதை இழுக்கிற வண்டிதான் வரவில்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்தை இந்த ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால் நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தால் என் முழங்காலுக்கு வரும். அங்கே படகுக்கு என்ன வேலை? படகு அத்தைக்காக. அப்பாவின் ஒரே தங்கை கொள்ளிடத்துக்கு நடுவே ஒரு திட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முந்தின ஆடியில் மேட்டூரிலிருந்து உபரி நீர் வந்து திட்டைச் சுற்றிக்கொண்டபோது அத்தையும் மாமாவும் கைக்குழந்தையோடு இரண்டு நாள் மொட்டைமாடியில் கிடந்தார்கள். அப்பா கரையில் நின்றபடி போனில் பேசிக்கொண்டே இருந்தாராம். அத்தையின் போனில் சார்ஜ் தீர்ந்துபோன பிறகு பேசவும் வழியில்லை. மீட்புப் படகு வந்து அவர்களை இறக்கியது மறுநாள்தான். தண்ணீர் வடிந்ததும் அத்தை திட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். வாழை அங்கே, மாடு அங்கே, வீடு அங்கே, வேறு எங்கே போவாள்? அடுத்த ஆடியில் தன் சொந்தப் படகோடு கரையில் நிற்பது என்று அப்பா முடிவு செய்தார்.

கார்த்திகையில் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று லாரியில் வந்து எங்கள் களத்தில் இறங்கியது. பட்டறையில் சொல்லி அதற்கு இரண்டு சக்கர டிரெய்லரும் அடித்தாயிற்று. ஆற்றங்கரையிலேயே விட்டுவைக்க அப்பாவுக்கு மனமில்லை, யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். டிராக்டரில் இழுத்தால் நாம் போய்ச் சேருவதற்குள் வெள்ளமே வடிந்துவிடும் என்றார். ஆகவே ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவுதான் விஷயம் என்று நாங்கள் நினைத்தோம். எட்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியில்லாமல் அப்பா வண்டி பார்த்தார். பார்ப்பது என்றால் சும்மா இல்லை. இன்ச் டேப்போடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கொக்கி மாட்டும் இடம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று உள்ளிருந்தே கத்துவார், நான் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு வண்டி தாழ்வு, கரையில் ஏறும்போது இடிக்கும். இன்னொன்றில் இழுவை போதாது. மூன்றாவதில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் குறை.

"நல்ல வண்டின்னா அவன் ஏன் விக்கிறான்?" என்றார் அப்பா.

"அப்ப புதுசா வாங்கிடுங்களேன்," என்றாள் அம்மா.

"புது வண்டியோட கொணம் யாருக்குத் தெரியும்?"

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, வழியில் பழைய வண்டி விற்கிற ஒரு செட்டில் வெள்ளை பிக்கப் நிற்பதைப் பார்த்து அப்பா வாடகைக் காரை நிறுத்திவிட்டார். பாரம் ஏற்றினால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். பட்டுப்புடவையில் இருந்த அம்மாவையும் பட்டுப்பாவாடையில் இருந்த என்னையும் பின்னால் ஏறி நிற்கச் சொன்னார்.

"என்னை என்ன எடைக்கல்லுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள் அம்மா. கேட்டபடியே ஏறவும் செய்தாள், ஏறாவிட்டால் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவளுக்குத் தெரியும். செட்டுக்காரர் எங்களுக்கு ஆளுக்கொரு டீ கொடுத்தார். நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடித்துப் பந்தியே நடந்துகொண்டிருந்தது. அந்த வண்டியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதன் சொந்தக்காரரின் ஊர் குத்தாலம். அங்கே போய் டீக்கடையில் விசாரித்ததில், முன்பு ஓட்டிய டிரைவர் ஒருமுறை மழையில் அது நடுரோட்டில் நின்றுவிட்டதாகச் சொன்னாராம்.

"வெயில்ல எல்லா வண்டியும் ஓடும்," என்றார் அப்பா, பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட தோரணையில்.

இதற்குள் களத்துப் படகில் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் 'படகு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எப்போது கடலுக்குப் போகிறாய் என்று கணக்கு டீச்சர்கூடக் கேட்டார். நான் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை, அவர் பாட்டுக்கு வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தது. கொள்ளிடக் கரையோர மக்கள் பத்திரமான இடத்துக்குப் போகும்படி டிவியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கையில் இரண்டு வண்டிகளின் போட்டோவை வைத்துக்கொண்டு, எது தேவலை என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா பொறுமை இழந்தாள். தெருக்கோடியில் வைக்கோல் ஏற்றுகிற அண்ணனுக்குப் போன் போட்டாள். "தம்பி, வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. ஆமா, இப்பவே." அவருடைய பிக்கப்பில் ஒரு பக்க விளக்கு கிடையாது, கதவைக் கயிற்றால் கட்டியிருப்பார். அப்பா அதை ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. பத்து நிமிடத்தில் கொக்கி மாட்டியாயிற்று. குஞ்சுகளைக் கூடையில் அள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. நின்ற பஸ்களின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் தலைகள் எங்கள் படகைப் பார்த்தன. நான் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. ஆறு செம்மண் நிறத்தில் கரைக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது. திட்டில் தென்னந்தலைகள் மட்டும்தான் தெரிந்தன. வண்டி நிற்பதற்குள் அப்பா குதித்து இறங்கி, தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"அண்ணே! இங்கண்ணே!"

குரல் பின்னாலிருந்து வந்தது. அத்தை பள்ளிக்கூடத்து வராந்தாவில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தமுறை தீயணைப்புக்காரர்கள் காலையிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்களாம். மாடுகளையும் முதல் நாளே ஓட்டி வந்தாயிற்று.

அப்பா மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், கயிறு கட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எட்டு மாசமா தேடி இந்த வண்டியத்தான் புடிச்சீங்களா? எனக்கு மாப்பிள்ளை பாக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்கண்ணே? சித்திரை மாசம், ஆத்துல வெறும் மணலு. சூடு தாங்காம ஓட்டமும் நடையுமா வந்தீங்க, எலையில உக்காந்தீங்க, பொழுது சாயறதுக்குள்ள தட்ட மாத்திட்டுப் போயிட்டீங்க. இது தீவுன்னு ஆடியிலதான உங்களுக்கே தெரிஞ்சுது?"

பக்கத்தில் இருந்த மாமா வாய்விட்டுச் சிரித்தார். வராந்தா முழுவதும் சிரித்தது. எட்டு மாத எரிச்சலையும் சேர்த்து வைத்து நான்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தேன்.

அப்பா படகுக்குப் போய், ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். "அப்பா, அது நல்லாத்தான் கட்டியிருக்கு!" என்று நான் கத்தினேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா என் தொடையில் சுள்ளென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். எட்டு மாதம் அப்பாவைத் திட்டித் தீர்த்தவள் அவள்தான். அவளே சிரிக்காமல் நின்று என்னைக் கிள்ளுகிறாளே, அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று வீடு வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.