சிவப்பியின் உடம்பில் கிளம்பிய புகை

என் மாமா பந்தயக் குதிரை வாங்கி வந்த அன்று அம்மா வாசலில் நின்று முதலில் கேட்டது, அது பால் கறக்குமா என்பதுதான். கறக்காது என்று தெரிந்தே கேட்டாள். மாமா அம்மாவின் தம்பி. சென்னையில் மூன்று வருடம் ஒரு லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டிருந்தவர், நெய்வேலிக்குத் திரும்பி மைன்ஸில் கான்ட்ராக்ட் டிரைவராகச் சேர்ந்தபோது, ஓடி ஓய்ந்த ஒரு குதிரையையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். அங்கே அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஏதோ இருந்ததாம். எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் தகரக் கொட்டகையில் கட்டிய அன்றே அது சிவப்பி ஆகிவிட்டது.

ஒரு வருடம் அம்மா பொறுத்துக்கொண்டாள். பிறகு கெடு வைத்தாள். காணும் பொங்கலன்று குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமத்தில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். அதில் ஜெயித்தால் சிவப்பி கொட்டகையில் இருக்கலாம், தோற்றால் விற்றுவிட வேண்டும். "லத்தி அள்றது நானு, புல்லு போடறது நானு. நீ பாட்டுக்கு ஷிப்டுக்குப் போயிடற" என்றாள். எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சிவப்பி இல்லாத மாமாவை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. அதற்கு முந்தைய கோடை முழுக்க, சாயங்காலங்களில் மாமா முந்திரித் தோப்பை ஒட்டிய மண் ரோட்டில் சிவப்பியை வண்டியில் பூட்டி ஓட்டுவார். ஓட்டுவதைவிட ஓட்டத்தை முடிப்பதில்தான் அவருக்குக் கவனம் அதிகம். எல்லையைத் தாண்டியதும் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க மாட்டார். வேகம் தானாகத் தளர்ந்து, துள்ளலாகி, கடைசியில் நடையாக வேண்டும். அதன் பிறகு வண்டியை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை என்னிடம் கொடுப்பார். அரை மணி நேரம் நான் நடத்துவேன். நடுநடுவே நாலு வாய் தண்ணீர், மறுபடியும் நடை. அவர் சிவப்பியின் உடம்பில் தண்ணீர் ஊற்றி உடனே ஒரு மரச்சட்டத்தால் வழித்துவிடுவார். வழிக்காமல் விட்டால் அந்தத் தண்ணீரே சூடாகி, உடம்புச் சூட்டை வெளியே விடாதாம். முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. சுட்டால் இன்னொரு சுற்று. வகுப்பு லீடராக இருப்பதைவிட இது எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் ஊற்றுவது வெயில் காலத்துக்கு மட்டும் என்பதை மாமா சொல்லவில்லை. குதிரையோடு பழகிய யாருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது.

பந்தயம் பொழுது விடிந்ததும் தொடங்கியது. நல்ல பனி. நான்கு வண்டிகளில் சிவப்பி கழுத்தளவு முந்தி முதலாவதாக வந்தது. எல்லையைத் தாண்டியும் மாமா நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து, "பிரேக் புடிக்கலடா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பனிக்குள் மறைந்த வண்டி கொஞ்ச நேரம் கழித்து நடையாகத் திரும்பி வந்தது. அதற்குள் மைக்கில் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா போனில் படம் எடுக்கப் பின்னாலேயே ஓடினார். கெடு வைத்த அம்மாவும் தலையைச் சரிசெய்துகொண்டு போனாள். மாமா வண்டியை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்து, "நிக்க வைக்காத. நடத்திக்கினே இரு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

ஒரு சுற்று நடத்தியிருப்பேன். சிவப்பியின் முதுகிலிருந்து புகை வந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு வயிறு, கழுத்து என்று உடம்பு முழுவதும். கோடையில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

என் அப்பாவுக்கு நிலக்கரி யார்டில் வேலை. குவித்து வைத்த கரி யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் பற்றிக்கொள்ளும். முதலில் மெல்லிசாகப் புகை வரும். "பொகையப் பாத்துட்டு நின்னு யோசிக்கக் கூடாது, தண்ணிய அடிச்சிடணும்" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். டவுன்ஷிப்பில் வளர்ந்த எனக்குப் புகை என்றால் அது ஒன்றுதான். சிவப்பியை ஒரு டீக்கடைக் கம்பத்தில் கட்டிவிட்டு, கடைத் தொட்டியிலிருந்து வாளி வாளியாக அதன் மேல் ஊற்றினேன்.

"இந்தக் குளுருலயா ஊத்தற பாப்பா?" என்றார் டீக்கடைக்காரர்.

"உள்ள பத்திக்கிச்சுண்ணா" என்றேன்.

தண்ணீர் பட்டதும் புகை இன்னும் எழும்பியது. யார்டிலும் அப்படித்தான் ஆகும் என்று அப்பா சொல்லியிருந்ததால் நான் அசரவில்லை. கடையில் கிடந்த இரண்டு சாக்குகளை நனைத்து முதுகில் போர்த்தினேன். புகை அடங்கிவிட்டது. உள்ளே எரிகிற குதிரையை நடத்தக் கூடாது என்று நானே முடிவு செய்து, பக்கத்தில் காவல் நின்றேன்.

மாமா கோப்பையோடு வந்தபோது சிவப்பி நடுங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்து இழுத்தார். பின்னங்கால்கள் நகரவில்லை. தொடையெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. மாமா கோப்பையைத் தரையில் வைத்தார். சாக்கை உருவி எறிந்துவிட்டு, பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைக் கழற்றி அதனாலேயே துடைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இனி ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பனியில் ஓடிய குதிரை மேல் ஆவி பறக்கத்தான் செய்யும், அந்தச் சூடான உடம்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றி அப்படியே நிறுத்தினால் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும் என்று திட்டிவிட்டுப் போனார்.

"யாருடா தண்ணி ஊத்தனது?" என்றாள் அம்மா.

"நான்தான்க்கா. ஜெயிச்ச சந்தோஷத்துல புத்தி கெட்டுப் போயிடுச்சு."

"குதிரையப் பத்தி எல்லாம் தெரியும்னு சொல்லிக்கினு இருந்தியே. ஒண்ணுந்தெரியாத நானே ஊத்த மாட்டேன். ஜெயிச்சா வச்சுக்கன்னுதான் சொன்னேன். அதுக்குன்னு நொண்டிக் குதிரைய, பாக்கத் தெரியாத உன்கிட்ட எப்படி வுட்டு வைக்கிறது?"

மாமா மேடையில் நின்ற எட்டுப் படங்களைப் போனில் வைத்திருந்த அப்பா, ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அந்த மாதமே பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருந்த ஒருவர், ஓட வேண்டாம், சும்மா மேய்ந்தால் போதும் என்று சிவப்பியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மாமா தெருமுனை வரை வேனுக்குப் பின்னால் நடந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் எந்தப் பொறுப்பையும் நம்பிக் கொடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றக்கூட அம்மா அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடை, மாலை, மைக் என்று அமர்க்களப்பட்டதில், தண்ணீர் ஊற்றியது யார் என்பதே மாமாவுக்கு மறந்துவிட்டது என்றுதான் நான் நம்பினேன். பெரியவர்களுக்கும் இப்படிக் குழம்பும் போலிருக்கிறது. நானாகச் சொல்லிக் காட்டினால் அவர் மனது கஷ்டப்படும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. என்றைக்காவது அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடம் போகும் வழியில் பிள்ளையாரிடம் தினமும் வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் கேட்டுக்கொண்டார். மாமாவுக்கு இன்று வரை ஞாபகம் வரவில்லை.