கோல்கீப்பர் டேனியல், அஸ்தினாபுரம்

டேனியல் இறந்துவிட்டான்.

நேற்று காலை ஆபீஸ் கிளம்பும்போது அவன் தங்கை மெர்சி போன் செய்தாள். "ரமேஷ் அண்ணா, அண்ணன் எழுந்திருக்கல..." என்றாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

இங்கே படிக்கிற பல பேருக்கு அவனைத் தெரியாது. தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது, மெட்ராஸ் லீக்கில் கீழ் டிவிஷன். நான் லெஃப்ட் பேக், டேனி கோல்கீப்பர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். காலையில் கிரவுண்டில் பிராக்டிஸ், மேட்ச் என்றால் எலக்ட்ரிக் ட்ரெயினில் சிட்டிக்குப் போவோம். ஷூவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நிற்பான் டேனி. பல்லாவரம் வருவதற்குள் எல்லார் டிபன் பாக்ஸையும் காலி செய்துவிடுவான்.

மேட்ச்சில் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "நான் இருக்கேன்டா, நீ மேல போ..." அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் ஆடினோம்.

பேக் பாஸ் ரூல் மாறிய சமயம் அது. சொந்த டீம்காரன் காலால் கொடுக்கும் பந்தை கீப்பர் இனி கையால் எடுக்கக்கூடாது, உதைத்துத்தான் அனுப்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து கையால் எடுத்தே பழகியவன்... அந்த சீசன் முழுக்க அதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தான். டிஃபென்ஸில் நடுவே ஸ்டாப்பராக ஆடும் பாபுவை நிற்க வைத்து, திரும்பத் திரும்பப் பந்தை அடிக்கச் சொல்லி, காலால் தட்டிக்கொண்டே இருப்பான். பாபு பம்மல்காரன். "கை வலிக்காத கீப்பர் நீ ஒருத்தன்தான்டா கீற" என்று கிண்டல் செய்வான்.

அந்த சீசனில் நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். ஏன் என்று எங்களுக்கே தெரியவில்லை.

கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், மேல் டிவிஷனுக்குப் போய்விடலாம்.

டேனிக்கு அது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு கம்பெனி டீமுக்கு கீப்பர் தேவைப்பட்டது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அந்தக் கம்பெனி ஆபீசர் ஒருவர் டேனியை இரண்டு மூன்று மேட்ச்சில் பார்த்துவிட்டு, கடைசி மேட்ச்சுக்கும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வருடம் விட்டால் டேனிக்கு வயது தாண்டிவிடும். அவன் அம்மா அதற்குள் சர்ச்சில் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லிவிட்டார்கள். "வேலை கிடைக்கட்டும்மா, அப்புறம் சொல்லலாம்" என்று இவன் கோபித்துக்கொண்டான்.

அன்று மழை. கிரவுண்டு முழுக்கச் சேறு. ஒன்றுக்கு ஒன்று. மேட்ச் முடியப்போகிற நேரம்.

பாபு பந்தை டேனிக்குத் தட்டினான். அது சேற்றில் பாதியிலேயே நின்றுவிட்டது. எதிர் டீம் ஃபார்வர்ட் ஓடி வருகிறான்... டேனி பாய்ந்தான். அந்த ஃபார்வர்டின் காலடியில் விழுந்து, பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டான்.

நான் கை தட்டினேன். எல்லாரும் தட்டினோம். டேனி சேற்று முகத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்தான்.

அப்போதுதான் விசில். பாபு காலால் கொடுத்த பந்து, கையால் பிடித்துவிட்டான்.

அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

ஃப்ரீ கிக். நாங்கள் எல்லாரும் கோல் லைனில் வரிசையாக நின்றோம். ஒருவன் லேசாகத் தட்டினான், இன்னொருவன் அடித்தான். யார் காலுக்கு நடுவே போனது என்று இன்றுவரை தெரியாது. கோல்... அவ்வளவுதான்.

ட்ரெயின் ஏறினோம். பாபு தலையைக் குனிந்தபடியே இருந்தான். டேனி அவன் தோளில் கை வைத்து, "நீ ஒண்ணும் பண்ணலடா. பிடிச்சது நான்தான்" என்றான். பாபு அந்தக் கையை எடுத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டான்.

அந்த வேலைக்கு ஜெயித்த டீமின் கீப்பரை எடுத்தார்கள். எங்கள் டீமும் மறு வருடம் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

டேனி பிறகு ஆடவே இல்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, ஒரு கூரியர் ஆபீஸ், பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் வாட்ச்மேன்... எதிலும் நிலைக்கவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது. கல்யாணம் நடந்தது, மனைவி ஒரு வருடத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில வருடம் முன்பு குரோம்பேட்டை ஸ்டேஷனில் பார்த்தேன். "சார், தாம்பரம் ட்ரெயின் போயிடுச்சா?" என்று என்னிடமே கேட்டான். டேய், நான்டா, ரமேஷ் என்றேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை... நான் எங்கே இருக்கிறேன், பிள்ளைகள் எத்தனை, எதுவுமே.

"கால்ல தட்டி விட்டிருக்கலாம் இல்ல மச்சான்?"

ஈரத்தில் வழுக்கிவிட்டது, நீ என்ன செய்வாய் என்றேன்.

"வழுக்கலடா. பிடிச்சேன்."

இன்று மதியம் அடக்கம். வந்தவர்கள் ரொம்பக் குறைவு. பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறைந்தது. கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார், தலை முழுக்க நரைத்து. மெர்சி போய்க் கூப்பிட்டாள். கிட்டே வந்த பிறகுதான் பாபு என்று தெரிந்தது. வந்து தோள் கொடுத்தான்.

எல்லாம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். போகிற வழியில் பாபு சொன்னான்.

"ஏன்டா அப்படிக் குடுத்தேன்னு ஒரு வார்த்த கேக்கல மச்சான் அவன். இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி கூட கேக்கல. கேட்டு நாலு அறை வுட்டிருந்தா... நானாவது நல்லா இருந்திருப்பேன்."

பம்மல் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். நம்பர் கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பார்கள். நானும் மெர்சியிடம்கூடச் சொல்லாமல்தான் வந்தேன்.

இங்கே சொல்லிக்கொள்கிறேன்... வர்றேன்டா டேனி.