கோச் சாருக்குக் கொண்டுபோன சாமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். பேச்சும் எனக்கு அவ்வளவாக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. எங்கள் ஊர் சித்தேரி மலை. சாமை, கேழ்வரகு போடுவோம். காட்டில் கிடைக்கிற தேன், புளி, சீத்தாப்பழம் எல்லாம் அரூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்போம். எனக்கு ஒரே பையன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கால்பந்து விளையாட்டில் கோல் கம்பிக்கு நடுவில் நிற்பான். அரூரில் நடந்த ஒரு மேட்சில் அவனைப் பார்த்துவிட்டு ஒரு கோச், தானே போய்ப் பேசி, விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார். ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டாம். அது இல்லையென்றால் அவனை நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

அந்தக் கோச்சை நான் பார்த்ததில்லை. இடம் கிடைத்த அன்று போனில் ஒருதரம் பேசினார். "பையன் இனிமே என் பொறுப்புங்க. கவலைய வுடுங்க" என்றார். நான் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் பேரைக் கேட்பது மரியாதை இல்லை என்று எங்கள் வீட்டில் பழக்கம். என் பையனுக்கு அவர் கோச் சார். எனக்கும் அவர் கோச் சார்.

முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையன் போன் செய்து கோச் சார் கதைதான் சொல்வான். பழைய பூட்ஸ் கிழிந்தபோது புதுசு வாங்கிக் கொடுத்தது, காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொல்வான். அப்பன் நான் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் போன் குறைந்துபோனது. செய்தாலும், "நல்லா இருக்கேன்ப்பா" என்பதோடு வைத்துவிடுவான். காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே கல்லூரியில் படிக்கிற எங்கள் மலைப் பையன் ஒருவன் லீவுக்கு வந்தபோதுதான் சொன்னான். டீம் ஆடின மேட்ச் எல்லாம் தோற்றுப்போய்விட்டது. சேலத்துக்குப் போய் ஆடிய ஒரு மேட்சில் நிறைய கோல் விழுந்துவிட்டது. எல்லோரும் கீப்பராக நிற்கிற என் பையனைத்தான் திட்டுகிறார்கள். கடைசி மேட்சில் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். டீமில் இருந்து எடுத்துவிட்டால் ஹாஸ்டல் இடமும் போய்விடும் என்றான்.

டீக்கடையிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. "ஊருல மாட்டையே புடிக்கத் தெரியாதவன், பந்தை எங்க புடிப்பான்?" என்று ஒருத்தர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "நீ இன்னா எல்லாத்துக்கும் சிரிச்சிட்டு வர்ற. போயி அந்தக் கோச்சுகிட்ட ஒரு வார்த்தை பேசு. இத்தன நாளு நம்ம புள்ளய பாத்துக்கிட்டவரு, கேக்க மாட்டாரா?" என்றாள்.

அப்போது ஐப்பசி. சாமை அறுத்து முடித்த சமயம். புதுச் சாமையை அவளே குத்திப் புடைத்து ஒரு மூட்டை கட்டினாள். ஒரு பாட்டில் தேன் வைத்தாள். ஒரு பையில் சீத்தாப்பழம். அதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தோலில் கண் விரிந்த நல்ல பழமாக அவளே பொறுக்கினாள். இரண்டு அடிபட்ட பழமும் மேலே கிடந்தது, வழியில் நான் தின்பதற்கு என்று.

விடிகாலை பஸ்சில் மலை இறங்கி, அரூரில் மாறி, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாட்ச்மேன், "கோச்சா? கிரவுண்டுப் பக்கம் போயிக் கேளுங்க" என்றார். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன்.

கிரவுண்டில் ஒருத்தர்தான் இருந்தார். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கோல் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து, கிழிந்த வலையை நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெளுத்துப்போன பனியன். கிரவுண்டில் வேலை செய்கிற ஆள் என்று நினைத்தேன்.

"ஏங்க, கோச் சாரைப் பாக்கணுங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னையும் மூட்டையையும் பார்த்தார். "எந்த ஊருங்க?"

"சித்தேரிங்க."

அவர் கை நின்றுவிட்டது. "கீப்பரோட அப்பாவா?"

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"மூஞ்சி அப்படியே இருக்குதே" என்றார். கயிற்றைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தார். "எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டார்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பையனை டீமில் இருந்து எடுத்துவிடக் கூடாது, ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிடக் கூடாது, அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று. அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதை விட்டுவிட்டு எழுந்து வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார். "இன்னாங்க இது, மலையவே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். நான் வேண்டாம் என்று இழுத்தேன். அவர் விடவில்லை. "வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று முன்னால் நடந்தார்.

நடக்கும்போது, "டீம் தோத்துக்கிட்டே இருக்குதாமே" என்றேன்.

"ஆமாங்க. ஒண்ணுகூட ஜெயிக்கல."

"எம் பையனாலயா?"

அவர் நின்றுவிட்டார். "அவன் இல்லன்னா இன்னும் மோசமாப் போயிருக்கும். யாரு சொன்னாலும் நம்பாதீங்க" என்றார். ஏதோ எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோச் சாரு கோவக்காரருங்களா?"

"எனக்கும் சரியாத் தெரியலைங்க. பாத்தா நல்லவராத்தான் தெரியுது" என்றார். இத்தனை நாள் கூட வேலை செய்கிறவர் இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு அறை வாசலில் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட சொன்ன மாதிரி தயங்காதீங்க. உங்க பையன் எங்க இருந்து வந்தான், எப்படி வந்தான், எல்லாத்தையும் மனசு வுட்டுச் சொல்லுங்க." பிறகு அவரே உள்ளே போய், "சார், நம்ம கீப்பரோட அப்பா. உங்களைப் பாக்கத்தான் மலையில இருந்து வந்திருக்காரு" என்றார்.

உள்ளே இருந்தவர் சின்ன வயசுக்காரர். விளையாட்டு உடையில், கழுத்தில் விசில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழுந்தார். "என்னையா? இவரு உங்களை..." என்று ஆரம்பித்தார்.

"உங்களைத்தான் சார்" என்றார் இவர். சொல்லிவிட்டு மூட்டையை இறக்கி வைத்து, எனக்குப் பின்னால் வாசலில் போய் நின்றுகொண்டார்.

என் வாழ்க்கையில் நான் அத்தனை பேசியது அன்றுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அரூர் கிரவுண்டுல நீங்க எம் பையனைப் பாக்கலைன்னா அவன் இன்னேரம் பனியன் கம்பெனியில இருப்பான்ங்க. பூட்ஸ் வாங்கிக் குடுத்தீங்க. காய்ச்சல்ல கிடந்தப்ப பக்கத்துல இருந்தீங்க. பெத்தவன் நான் மலையில கிடந்தேன், நீங்கதான் அப்பனா இருந்தீங்க. தோத்துட்டான்னு அவனைக் கைவிட்டுடாதீங்க சார்" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போனார், நிறுத்திக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். கடைசியில், "பையன் இங்கயே இருப்பான்ங்க. டீம்லயும் இருப்பான், ஹாஸ்டல்லயும் இருப்பான். நான் பாத்துக்கறேன்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டு, தேனும் பழமும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பழத்தைக் கொடுக்கும்போது மேலே கிடந்த அந்த இரண்டு அடிபட்ட பழத்தை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வராந்தாவில் நின்றிருந்தவரிடம் அதை நீட்டினேன்.

"எதுக்குங்க? பையனுக்குக் குடுங்க" என்றார்.

"அட, வாங்கிக்குங்க. மூட்டை தூக்குனீங்க. சும்மா போனா எனக்கு நல்லா இருக்காது" என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நல்லாப் பேசினீங்க. கவலைய வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. பையனைப் பார்க்கிற அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலுக்கு வந்த பையன் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனான். நான் சந்தோஷமாகச் சொன்னேன். "உங்க கோச்சைப் பாத்துட்டேன்டா. சின்ன வயசுதான், ஆனா தங்கமான மனுசன். சாமையைக் குடுத்துட்டேன்."

"சின்ன வயசா?" என்றான். அவன் முகம் மாறியது. "அப்பா, அவரு புதுக் கோச். இன்னிக்குக் காலையிலதான் வந்தாரு. தோத்துட்டோம்னு எங்க கோச்சை மாத்திட்டாங்க. தோத்ததையும் இதையும் உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சரியாப் போன் பண்ணல."

"அப்ப உங்க கோச்?"

"அவருக்கு இன்னிக்குக் கடைசி நாளு. எங்களைக் கிளாசுக்குப் போகச் சொல்லிட்டு, கோல் வலை கிழிஞ்சிருக்கு, அதைக் கட்டிட்டுப் போறேன்னு கிரவுண்டுக்குப் போனாரே."

நான் கிரவுண்டுக்கு ஓடினேன். வலையைக் கம்பியில் கட்டி முடித்திருந்தார். ஆள் இல்லை. கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் கையில் ஒரு சீத்தாப்பழம் இருந்தது, பாதி தின்றிருந்தார்.

"இப்பத்தாங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்கிட்ட ஒரு பழத்தைக் குடுத்துட்டு, 'எங்க கீப்பரோட அப்பா மலையில இருந்து எனக்குக் கொண்டாந்தது'ன்னு சொன்னாரு" என்றார்.

அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் பையனை வைத்திருப்பதும் அனுப்புவதும் இனிமேல் அவர் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் என் நன்றியும் சாமையும் போய்ச் சேரட்டும் என்று அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார்.

பையன் அவன் கோச் சாருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான். "சொல்லுடா" என்றது அந்தக் குரல். "நான்தாங்க... சாமை... அடுத்த வருசம் கொண்டாறேங்க" என்றேன். அவர் சிரித்தார். "பழம் நல்லா இருந்துச்சுங்க" என்றார். அவ்வளவுதான்.

புதுக் கோச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அவரும் நல்லவர்தான். டீம் அந்த வருடம் மிச்சம் இருந்த மேட்சிலும் தோற்றது, ஆனால் பையன் படிப்பை முடித்துவிட்டான். அடுத்த ஐப்பசியில் நான் ஒரு மூட்டை தனியாக எடுத்து வைத்தேன். பையன் போன் செய்து பார்த்தான். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது. கர்நாடகாப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சாமையை நாங்களே தின்றோம்.

இந்த வருடமும் மரத்தில் பழம் கண் விரிந்திருக்கிறது. நல்ல பழம், அடிபட்ட பழம் என்று பிரித்து வைக்கும்போதெல்லாம் என் கை கொஞ்சம் நிற்கிறது. சொல்ல வேண்டிய நன்றியை எல்லாம் நான் அன்றைக்குச் சொல்லிவிட்டேன், அவரும் அதை எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நான் ஒருதரமாவது திரும்பிப் பார்க்காததால், அதைக் கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.