சீயக்காயும் சரிந்த லென்ஸும்

இந்தத் தீபாவளிக்கு என் அக்கா வருவாரா, மாட்டாரா? பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு.

காரணம், போன தீபாவளி. கடலோர ஊரான செர்காமிலிருந்து முதல்நாளே வந்துவிடும் அக்காதான் வருஷாவருஷம் எங்களுக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துவிடுவார். மென்மையாகவா? தலையா, பித்தளைப் பானையா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்! அன்றைக்குச் சீயக்காய் என் மனைவி ராணியின் வலது கண்ணுக்குள் போய்விட்டது. எரிச்சல் தாங்காமல் அவளும் கசக்கு கசக்கென்று கசக்கிவிட்டாள்.

மறுநாள், எதிரே வந்த மோட்டார்சைக்கிள் அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது.

கண் டாக்டரிடம் ஓடினோம். பல வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனில் வைத்த செயற்கை லென்ஸ், இடத்தைவிட்டுக் கீழே சரிந்திருந்தது. மறுபடியும் ஆபரேஷன். பழைய பார்வை திரும்புமா? செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர்.

“என் கையாலதான் போச்சி” என்று அக்கா அழுதார். அதோடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். செர்காமிலிருந்து யார் மூலமாவது மீன் மட்டும் வந்துகொண்டிருந்தது... எனக்கு அதைச் சாப்பிடவே சங்கடமாக இருந்தது.

ஆபரேஷனில், சரிந்த அதே லென்ஸை மேலே தூக்கி, விழியின் வெள்ளைப் பகுதியோடு நூலால் தைத்துவிட்டார்கள். கண்ணில் தையல்! கேட்ட எனக்குத்தான் தலை சுற்றியது. ராணி அசரவில்லை. மங்கல் விலகச் சில வாரங்கள் பிடித்தன.

ராணி டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி — இது அண்ணியால் வந்ததா? இல்லையாம். லென்ஸைத் தாங்கும் இழைகள் வருஷக்கணக்காகத் தளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. கசக்கியது கடைசித் தள்ளு, அவ்வளவுதான். இனிமேல் கசக்கவே கூடாது என்று ராணிக்குத்தான் திட்டு விழுந்தது.

இதைப் போனில் சொன்னால் அக்கா நம்பினால்தானே? சமாதானத்துக்குச் சொல்கிறோமாம்.

தீபாவளிக்கு முதல்நாள் ராணி கார் சாவியை எடுத்தாள். நான் பக்கத்து சீட்டில். செர்காமில் அக்காவின் வாசலில் நிறுத்தி இறங்கினாள்.

“வண்டிய நான்தான் ஓட்டிட்டு வந்தேன் அண்ணி. எதிர்ல வந்த ஒரு காடி ஒரு காடியாத்தான் தெரிஞ்சிச்சி. கெளம்புங்க லா.”

அக்கா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார்.

மறுநாள் காலை, நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவின் முன் உட்கார்ந்தாள் ராணி. அக்கா அவள் தலையைப் பூவைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

“என்ன அண்ணி தடவுறீங்க? எப்பவும் மாதிரி தேய்ங்க.”

தேய்த்தார். கண்ணுக்காவது கண்ணாடி இருந்தது... தலையை யார் காப்பாற்றுவது?