பங்காருப்பேட்டை வரைக்கும் பொடி இட்லி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பங்காருப்பேட்டையில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து கோலார் தங்கவயல் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அதன் கோடியில் இருக்கும் மாரிக்குப்பம் வரை போக ஆட்டோக்காரர் நானூறு கேட்டார், பேசி முந்நூற்றைம்பதுக்கு ஏறினேன்.

"மைன்ஸ் பாக்க வந்தீங்களா சார்? உள்ள உட மாட்டாங்க" என்றார்.

"இல்லைங்க, ஒரு குடும்பத்தைப் பார்க்க."

"அதுன்னா சரியான நாள்லதான் வந்துகிறீங்க. நாளைக்கி வந்தா பாதி ஊரு பெங்களூர் ரயில்ல கீது."

அந்தக் குடும்பத்தை அதற்குமுன் நான் நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாடத்திட்டம் எதுவும் கிடையாது, பிள்ளை தன் போக்கில் கற்கட்டும் என்பது கொள்கை. அன்ஸ்கூலிங் என்பார்கள். அதில் சேகர் எழுதுவதைத்தான் நான் விழுந்து விழுந்து படிப்பேன். பெங்களூர் வேலையை விட்டார். மனைவி மாலதியோடு வீட்டிலேயே பொடி இட்லிப் பொட்டலம் கட்டி, விடியற்காலை ரயிலில் விற்கத் தொடங்கினார். வீடுதான் கடை, கடைதான் பள்ளி என்று எழுதினார். மகள் நிலா இட்லித் தட்டில் பின்னம் கற்கும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். அதை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது.

என் மகன் அமுதனுக்குப் பத்து வயது. இந்த ஆண்டு பள்ளி திறந்தும் அவன் போகவில்லை. நானும் வேலையை விட்டு இப்படி ஏதாவது செய்வதாக வீட்டில் பெரிய பேச்சு பேசியிருந்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். "போய்க் கண்ணால பாத்துட்டு வாங்க. அப்புறம் எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்றாள் என் மனைவி கவிதா.

சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைட் மேடுகளைத் தாண்டியதும் லைன் வீடுகள். முப்பாட்டன் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டியவை, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சேகர் வாசலிலேயே நின்றார். படத்தில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடியிருந்தது.

"வாங்க சார், வாங்க. மாலதி படுத்துகினு கீது. எங்களுக்கு இப்பதான் ராத்திரி" என்று சிரித்தார்.

தெருவில் நிலா ஏழெட்டுப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பெண். பாடப்புத்தகம் இல்லாத பிள்ளையின் சிரிப்பு என்று குழுவில் எழுதலாம் போல மனம் துள்ளியது. சாயங்காலம் ஆனதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குரல் வந்தது, பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. நிலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஹோம்வொர்க் எழுதப் போய்ட்டாங்க. இனிமே நாளைக்கி சாயந்திரம்தான்."

"பகலெல்லாம் என்னம்மா பண்ணுவே?"

"அம்மா அப்பா தூங்குவாங்க அங்கிள். நான் சத்தம் போடாம வெளையாடுவேன்." பிறகு கேட்டாள்: "உங்க பையனும் ஸ்கூல் போறதில்லையாமே? அவன் எப்ப இங்க வருவான்?"

மகளோடு இருக்க வேண்டும் என்றுதான் இவர்கள் இந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் இவர்களை இரவெல்லாம் விழிக்கவைத்துப் பகலெல்லாம் தூங்கவைத்தது. குழுவில் இதை யாரும் எழுதவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் சேகரோடு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நல்ல குளிர். தோளில் பொட்டலப் பை, காலில் பாலிஷ் போட்ட ஷூ. இட்லி விற்கப் போகிறவருக்கு ஷூ எதற்கு என்று நினைத்தேன், கேட்கவில்லை.

அவர் என்னை ஏற்றியது, பெங்களூர் வேலைக்குத் தான் பல வருஷம் போய்வந்த பெட்டியில். அந்தப் பெட்டியில் செட்டு செட்டாகத்தான் உட்காருவார்கள். கைக்குட்டை போட்ட இடத்தை வேறு யாரும் தொடுவதில்லை. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் முழங்கால்களின் மேல் நியூஸ்பேப்பர் விரிந்தது, வீட்டு டப்பாக்கள் திறந்தன. டப்பா கொண்டுவராதவனுக்குத்தான் முதல் வாய், அது அங்கே சட்டம். முன்பின் தெரியாத என் கையில் தோசையும் சப்பாத்தியும் வந்து விழுந்தன. அந்த வரிசையில் மாலதியின் வேர்க்கடலைப் பூண்டுப் பொடிக்குத்தான் ஒரு காலத்தில் அடிதடியாம். அந்தப் புகழ்ச்சியை நம்பித்தான் கடை.

இன்று சேகர் பையோடு நின்றார். பலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தூரத்தில் யாரோ இரண்டு பேர் மட்டும் வாங்கினார்கள். பழைய செட்டில் பாஸ்கர் என்று ஒருவர், அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"இன்னா மச்சான் நின்னுகினே கீற? உக்காரு." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், வருஷக்கணக்கா இவன் டப்பாலதான் கை வெச்சோம். இப்ப துட்டு குடுத்தா அது தொண்டைல எறங்கல. குடுக்காம இவன் மூஞ்சியப் பாக்க முடியல. இவன் ஏறுறான்னு நாலு பேரு பின்பெட்டிக்கே போய்ட்டாங்க."

சேகர் பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். அவர்களுக்குப் பொடி பிடித்தது பொய்யில்லை. ஆனால் அது கூட்டாளியின் பொடியாக இருந்தவரைக்கும்தான். விலை வைத்த அன்றே வாடிக்கையும் வரவில்லை, கூட்டாளிகளும் போனார்கள்.

பங்காருப்பேட்டை வந்தது. வழக்கமாக சேகர் இங்கே இறங்கி எதிர்ரயிலில் வீடு திரும்புவார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பையை நீட்டினார்.

"வெச்சிக்கோங்க சார், ரயில்ல யாருக்காச்சும் குடுங்க. பாஸ்கர் கம்பெனில ஒரு வேல கீதாம். இன்னிக்கி வந்து நிக்கச் சொன்னாங்க."

"மாலதிக்குத் தெரியுமா?"

"ஷூவப் பாத்தா. ஒண்ணுமே கேக்கல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நிலாவ எந்த கிளாஸ்ல ஒக்கார வெப்பாங்கன்னுதான் தெரியல சார்."

ரயில் நகர்ந்தது. பாஸ்கர் நகர்ந்து இடம் விட, சேகர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தோற்றுப்போனவரின் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்தபோதுதான் என் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

சென்னை வண்டிக்கு நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். இவ்வளவு ருசியான பொடியை நான் எங்கும் தின்றதில்லை. அழுகை வந்தது. அது அடங்கியபின் வீட்டுக்குப் போன் செய்தேன். அமுதன்தான் எடுத்தான்.

"அப்பா! அங்க சூப்பரா இருக்கா? நாமளும் அவங்க மாதிரியே பண்ணப் போறோமா?"

"அம்மாகிட்ட சொல்லி யூனிஃபார்ம் எடுத்துப் போட்டுக்கோடா."

அவன் மெல்லக் கேட்டான்.

"ஷூவுமாப்பா?"

"ஆமாடா. ஷூவும்."